அங்கிலிக்கன் ஆண்கள் பாடசாலை விடுதியில் விட்டால் பிள்ளை எங்கள் பிள்ளையாகத் திரும்பி வருவானா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். மகன் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டான். தரம் ஆறுக்கு அவனை ஒரு பழைய அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த கிறிஸ்தவ) ஆண்கள் பாடசாலையில் சேர்த்து, விடுதியில் விடலாமா என்று யோசிக்கிறீர்கள். உங்களுடையது சைவ வீடு. “வேதக்காரப் பள்ளிக்கூடம், பெடியனை மாத்திப் போடுவாங்கள்” என்கிறார் மாமனார். அங்கே படித்த உங்கள் நண்பரோ ஒழுக்கம், விழுமியம், பண்பு என்று புகழ்ந்து தள்ளுகிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஏழெட்டு வருடம் கண்ணுக்கு மறைவில் பிள்ளையை ஒப்படைத்தால், திரும்பி வருகிறவன் எங்கள் பிள்ளையாக இருப்பானா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் இலங்கையில் இப்படியான பாடசாலைகளில் நீண்ட காலம் கற்பித்தவன். அதில் ஒரு பகுதிக் காலம் விடுதிப் பொறுப்பாசிரியராகவும் இருந்தேன். நானும் சைவன். பெண்கள் பாடசாலைகளைப் பற்றியோ கலவன் பாடசாலைகளைப் பற்றியோ உள்ளிருந்து பேச எனக்குத் தகுதி இல்லை. கீழே சொல்வதில் வரலாறும் சட்டமும் பதிவில் உள்ளவை. பிள்ளைகளின் குணம் பற்றிச் சொல்வது என் கணிப்பு. எது எது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மாமனாரின் பயத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது காரணமில்லாத பயம் இல்லை. அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த திருச்சபை மிஷன் சங்கம் 1818 இல் இலங்கைக்கு வந்தபோது பாடசாலை நடத்துவது மதப் பரப்பலின் ஒரு வழியாகத்தான் இருந்தது. அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. 1823 இல் ஜோசப் நைற் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்பு சுண்டிக்குளிக்கு இடம் மாறி, 1891 இல் பரி. யோவான் கல்லூரி என்று பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் இதற்கு எதிர்வினையும் அதே வேகத்தில் வந்தது. மெதடிஸ்த மிஷனில் பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர் அந்த வேலையை விட்டு வெளியே வந்து, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு இந்துக் கல்லூரிகள் எழுந்தன. ஆங்கிலமும் உத்தியோகமும் வேண்டும், ஆனால் அதற்காகச் சமயத்தை விலையாகக் கொடுக்க மாட்டோம் என்று எங்கள் பாட்டன்மார் சொன்ன பதில் அது. அந்த நினைவு ஒரு குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் அதை யாரும் மட்டமாகப் பேசக்கூடாது.

ஆனால் இன்றைய நிலை வேறு. இலங்கையில் சாதாரண தரம் வரை சமயம் ஒரு பாடம். உங்கள் மகன் சைவநெறி படிப்பான், பரீட்சையிலும் சைவநெறியே எழுதுவான். பெற்றோரின் சமயம் அல்லாத ஒரு சமயத்தைப் பிள்ளைக்குப் பாடமாகத் திணிக்க முடியாது. விடுதியில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஆராதனை கட்டாயமாக இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் என்ன ஒழுங்கு என்று நீங்கள் அதிபரிடமே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். காலைக் கூட்டத்தில் ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு, கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவை இருக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சாப்பாட்டுக்கு முன் நன்றிச் செபம் சொல்வார்கள். உங்கள் மகனுக்குப் பத்துப் பதினைந்து ஞானப்பாட்டுகள் மனப்பாடமாகிவிடும், கெட்ட குமாரன் கதையும் நல்ல சமாரியன் கதையும் நன்றாகத் தெரிந்திருக்கும். ஞானஸ்நானம் எடுப்பானா என்று கேட்டால், நான் கண்ட சைவப் பிள்ளைகளில் அப்படி எடுத்தவர்கள் மிக மிகக் குறைவு. அவர்களும் வளர்ந்த பிறகு, பாடசாலைக்கு வெளியே, தங்கள் சொந்தத் தேடலில் போனவர்கள்.

வரலாறும் இதற்கு ஒத்துத்தான் பேசுகிறது. இன்று கல்கிசையில் இருக்கிற புனித தோமையார் கல்லூரியில் படித்த டி.எஸ். சேனாநாயக்காவும் அவருடைய மகன் டட்லியும் பௌத்தர்களாகவே பிரதமர்கள் ஆனார்கள். அதே கல்லூரியில் படித்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்தவர்; அவர் பின்னாளில் பௌத்தரானார். அந்தக் கல்லூரிக்கு மதம் மாற்றுவதுதான் முழுநேர வேலை என்றால், அதில் அது நன்றாகத் தோற்றுப்போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு அங்கிலிக்கன் திருச்சபையின் இயல்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது கத்தோலிக்கத்துக்கும் சீர்திருத்தச் சபைகளுக்கும் நடுவில் நிற்பது. செபங்கள் எழுதிவைத்த வார்த்தைகள். ஆண்டு முழுவதும் எந்த நாளில் எதை வாசிப்பது என்று ஒழுங்கு இருக்கும். உணர்ச்சி பொங்க எழுந்து நின்று சாட்சி சொல்லுகிற மரபு குறைவு. யாழ்ப்பாணத்தில் பலர் இதைத் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு அங்கிலிக்கன் சபைகள் 1947 இல், பல சபைகள் இணைந்து உருவான அந்தத் திருச்சபையில் சேர்ந்துவிட்டன. இலங்கையில் அங்கிலிக்கர் தனியாகவே இருக்கிறார்கள். 1845 இல் உருவான கொழும்பு மறைமாவட்டமும் 1950 இல் உருவான குருநாகல் மறைமாவட்டமும் சேர்ந்ததுதான் இலங்கைத் திருச்சபை. பரி. யோவானும் புனித தோமையாரும் முதலாவதின் கீழ் வருகின்றன, கண்டி திரித்துவக் கல்லூரி இரண்டாவதின் கீழ்.

சரி, உங்கள் நண்பர் புகழ்கிற அந்த ‘விழுமியம்’ எங்கிருந்து வந்தது? அதன் வேர் இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரின் பாடசாலையில் இருக்கிறது. 1828 முதல் 1842 இல் இறக்கும்வரை அங்கே தலைமையாசிரியராக இருந்த தோமஸ் ஆர்னல்ட், பையன்களிடம் மூன்று விஷயங்களை எதிர்பார்த்தார்: முதலில் சமய ஒழுக்கக் கொள்கை, இரண்டாவது கண்ணியமான நடத்தை, மூன்றாவதாகத்தான் அறிவுத் திறமை. இந்த வரிசையைக் கவனியுங்கள். பெறுபேறு கடைசியில் நிற்கிறது. இன்றைக்கு எந்த அதிபரும் பெற்றோர் கூட்டத்தில் இப்படிச் சொல்லத் துணிய மாட்டார். ஆர்னல்ட் செய்த பெரிய காரியம், உச்ச வகுப்பு மாணவர்களின் கையில் அதிகாரத்தைக் கொடுத்து, அந்த அதிகாரத்தை ஆலய மேடையிலிருந்து தானே கட்டுப்படுத்தியது. மாணவத் தலைவர்கள், இல்லங்கள், சிற்றாலயம், விளையாட்டு மைதானம் என்று நாங்கள் இன்றும் காண்கிற அமைப்பு அந்த அலையில் பரவியதுதான். இலங்கைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கொழும்பின் முதல் ஆயர் ஜேம்ஸ் சப்மன். ஈட்டன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். அவர் 1851 இல் கொழும்பு முகத்துவாரத்தில் தொடங்கிய கல்லூரிதான் 1918 இல் கல்கிசைக் கடற்கரைக்கு இடம் மாறிய புனித தோமையார்.

ஆனால் எல்லோரும் இங்கிலாந்தை அப்படியே நகல் எடுக்கவில்லை. எனக்கு மிகவும் மதிப்புள்ள ஒருவர் கண்டி திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த ஏ.ஜி. பிரேசர். தாய்மொழி தெரியாத ஒரு படித்தவனை உருவாக்குவதில் அர்த்தமில்லை என்று கண்டவர் அவர். சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கண்டி நகரத்துச் சேரிகளுக்குச் சேவைக்கு அனுப்பினார். அவர் காலத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட சிற்றாலயத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு கோயில் மண்டபத்தின் ஞாபகம் வரும்: சுவரில்லாமல் திறந்திருக்கும் பக்கங்கள், செதுக்கிய கற்தூண்கள். உள்ளே ஓவியர் டேவிட் பெயின்ரர் வரைந்த சுவரோவியங்களில் கிறிஸ்து இந்த மண்ணின் முகங்களோடு நிற்கிறார். சிலுவை மரணத்துக்குப் பின்னணியாகக் கண்டல் மரங்கள். ஒரு சைவனான எனக்கு அந்த ஓவியங்கள் முன்னால் நின்றபோது அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி அன்றாட வாழ்க்கை. விடுதியில் நாள் இருட்டோடு தொடங்கும். ஐந்து, ஐந்தரைக்கு மணி அடிக்கும். படுக்கை மடித்து வைக்க வேண்டும், குளிக்க வரிசையில் நிற்க வேண்டும், ஒரு படிப்பு நேரம், பிறகு காலைச் சாப்பாடு. ஏழரைக்குப் பாடசாலை, ஒன்றரைக்கு முடியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வு, பின்னேரம் விளையாட்டு, திரும்பவும் குளியல், இரவுச் செபம், படிப்பு நேரம், சாப்பாடு, விளக்கணைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இராணுவ முகாம் மாதிரி இருக்கும். முதல் தவணையில் அழாத பிள்ளை குறைவு. பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் அழுகை வரும், ஞாயிறு பின்னேரம் அதைவிட மோசம். இரண்டாவது தவணையில் அதே பிள்ளை லீவுக்கு வீட்டுக்குப் போய் நாலாம் நாளே ‘அங்கே என்றால் இந்நேரம் விளையாட்டு நேரம்’ என்று தாயிடம் சொல்லும். இது நல்லதா கெட்டதா என்று தாய்மார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை மூன்றாவது தவணையிலும் சாப்பாட்டைக் குறைத்து, ஒதுங்கி, காரணம் சொல்லாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால், அதை ‘பழகிவிடும்’ என்று விடக்கூடாது. அதற்குப் பின்னால் அனேகமாக ஓர் ஆள் இருப்பான்.

இந்த இடத்தில்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. இப்படியான பாடசாலை ஒரு பையனுக்கு ஒழுக்கத்தைப் பிரசங்கத்தால் கற்பிப்பதில்லை. பதினேழு வயதில் அவன் கையில் இன்னொரு பிள்ளையைக் கொடுத்துக் கற்பிக்கிறது. மாணவத் தலைவன், இல்லத் தலைவன், படுக்கை மண்டபப் பொறுப்பாளன் என்று எந்தப் பெயரில் வந்தாலும், பதினொரு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரின் நித்திரை, சுத்தம், சண்டை, பயம் எல்லாம் அவன் பொறுப்பு. அதை அவன் நன்றாகச் செய்தால், வாழ்நாள் முழுவதும் கூட வருகிற ஒரு குணம் அவனுக்குள் உருவாகிறது. தன்னைவிடச் சிறியவன் முன்னால் தன் பலத்தை அடக்கி வைத்திருக்கத் தெரிந்த ஆண் அவன். எங்கள் சமூகத்தில் ஆண்பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்கிற இடங்கள் வேறு அதிகம் இல்லை. அதனால்தான் இந்தப் பாடசாலைகள் மேல் எனக்கு இன்றும் பற்று.

அதே அதிகாரத்தைக் கவனிக்க யாரும் இல்லாவிட்டால் அது பகிடிவதையாக மாற ஒரு தவணை போதும். உடுப்புத் தோய்க்க விடுவது, கன்டீனுக்கு ஓட விடுவது, முழங்காலில் நிற்க வைப்பது என்று தொடங்கும். ‘நாங்களும் பட்டோம், அதனால்தான் ஆளானோம்’ என்று மூத்தவர்கள் அதை நியாயப்படுத்துவார்கள். இந்த வாக்கியத்தை எந்தப் பழைய மாணவரிடமிருந்து கேட்டாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பட்டவர்களில் பேச முடியாமல் போனவர்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை, அவ்வளவுதான். பிரம்படியும் இதே வகை. எங்கள் கல்வி அமைச்சு உடல் தண்டனையைத் தடுத்து 2005 இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இங்கிலாந்தில், இந்த மரபின் தாய்வீட்டில், தனியார் பாடசாலைகளில்கூடப் பிரம்பு சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது. இன்னமும் ‘எங்கள் பாடசாலையின் பாரம்பரியம்’ என்று பிரம்பைப் பற்றிப் பெருமை பேசுகிறவரைக் கண்டால் மகனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

இதைவிடக் கடுமையான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றி அமைக்கப்பட்ட சுயாதீன விசாரணை, 2020 இல் அங்கிலிக்கன் சபையைப் பற்றியும் 2022 இல் வதிவிடப் பாடசாலைகளைப் பற்றியும் அறிக்கை வெளியிட்டது. சபையின் பெயரைக் காப்பாற்றுவது பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கு முன்னால் வந்திருக்கிறது என்பது அதில் தெளிவாகப் பதிவாகியது. விடுதி வாழ்க்கையில் பிள்ளைகள் வீட்டிலிருந்து தூரத்தில், பெரியவர்களோடு நெருக்கமாக இருப்பதால் ஆபத்து கூடுகிறது என்பதும் பதிவானது. இது ஆங்கிலேயரின் பிரச்சினை என்று நாங்கள் தள்ளிவிட முடியாது. விடுதி எங்கே இருந்தாலும், அது எந்தச் சமயத்தினுடையதாக இருந்தாலும், அடிப்படை நிலைமை ஒன்றுதான். மகனிடம் உடம்பைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுங்கள். யாருடைய கை எங்கே படக்கூடாது, பட்டால் யாரிடம் சொல்வது என்று போவதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆம், அது பெரிய விஷயம்தான். புனித தோமையாருக்கும் றோயல் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1880 முதல் நடக்கிறது. பரி. யோவானும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ 1904 இல் தொடங்கியது. மார்ச் மாதத்தில் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் நின்றிருந்தால் உங்களுக்குத் தெரியும், மைதானத்துக்குள் நடப்பது பாதிதான். வெளிநாடுகளிலிருந்து பழைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள், பாண்ட் வாத்தியம் முழங்கும், கொடி கட்டிய வாகனங்கள் ஓடும். விளையாட்டு நேர்மையைக் கற்றுத் தருகிறது என்று சொல்வதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். நடுவர் கை தூக்கினால் முகத்தைச் சுளிக்காமல் வெளியேற வேண்டும் என்று ஒரு பையன் பழகுகிறான், அது உண்மை. அதே பையன் பரீட்சை மண்டபத்திலும் நேர்மையாக இருப்பான் என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது; மைதானத்தில் கனவானாக இருந்து விடுதியில் சின்னப் பிள்ளைகளை ஆட்டிப்படைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பெரிய போட்டி வாரத்தில் பழைய மாணவர் சிலர் குடித்துவிட்டு நிற்பதும், பாடங்கள் நடக்காமல் போவதும், பையன்கள் தெருவில் பணம் சேர்ப்பதும் அந்த மரபின் அழகில்லாத பக்கம். நல்ல அதிபர்கள் அதற்கு எல்லை போடுகிறார்கள்.

உங்கள் மகனுக்கு விளையாட்டில் நாட்டம் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பாட்டுக்குழு, விவாதம், சாரணர், நாடகம், சதுரங்கம் ஆகியவற்றுக்கு அந்தப் பாடசாலையில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். குறிப்பாகப் பாட்டுக்குழு. அங்கிலிக்கன் மரபில் அது ஒரு பெரிய செல்வம். நத்தாருக்கு முந்திய கரோல் ஆராதனையில், ஒன்பது வாசிப்புகளும் இடையிடையே பாடல்களுமாக, நாலு குரலில் பிள்ளைகள் பாடுவார்கள். அந்த வரிசைகளில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நின்று பாடியதைக் கேட்டிருக்கிறேன். தன் குரலைப் பக்கத்தில் நிற்பவனின் குரலுக்குள் ஒடுக்கிப் பாடப் பழகுகிற பிள்ளைக்குக் கிடைக்கிற ஒழுக்கம், மைதானத்தில் கிடைப்பதற்குக் குறைந்தது இல்லை.

மேட்டுக்குடித்தனம் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்தப் பாடசாலைகள் ஆங்கிலேயர் காலத்தில் உத்தியோகத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஆள் உருவாக்கின. ஆங்கிலம் பேசுகிறவன் ஒருபடி மேல் என்ற நினைப்பு நெடுங்காலம் நிலைத்தது. 1960, 61 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, பெரிய பாடசாலைகள் சில கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக வெளியில் நிற்கத் தெரிவு செய்தன. அரசு பணம் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்க முடியாது. பழைய மாணவரின் நன்கொடையிலும் ஆசிரியர்களின் தியாகத்திலும்தான் அந்த வருடங்கள் ஓடின. அந்தக் கஷ்ட காலம் அவற்றின் மேட்டிமையைக் கொஞ்சம் உடைத்தது என்பது என் எண்ணம். இன்று கட்டணம், நன்கொடை எல்லாம் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விழுமியம் நாட்டுக்கு என்ன செய்தது என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஒரே உதாரணம். தமிழரசுக் கட்சித் தலைவராக இருந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பரி. யோவானிலும், பிறகு முகத்துவாரத்தில் இருந்த புனித தோமையாரிலும் படித்தவர். பண்டாரநாயக்காவும் ஏறக்குறைய அதே காலத்தில் புனித தோமையாரில் படித்தவர். 1957 ஜூலையில், பண்டாரநாயக்கா பிரதமராக இருந்தபோது, தமிழர் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர்வது பற்றி இருவரும் ஒரு மேசையில் இருந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கா அதைக் கைவிட்டார், அடுத்த மாதம் இனக் கலவரத்தில் நாடு எரிந்தது. ஒரே பாடசாலை இருவருக்கும் பேசிக்கொள்ள ஒரு பாஷையைக் கொடுத்திருக்கலாம். நெருக்கடி வந்தபோது சொன்ன வாக்கில் நிற்கும் துணிவை அது கொடுத்துவிடவில்லை. மறுபக்கம், கிறிஸ்தவரான செல்வநாயகத்தைச் சைவப் பெரும்பான்மைச் சமூகம் ‘தந்தை’ என்று அழைத்தது. அதே அங்கிலிக்கன் வளர்ப்பில் வந்த இன்னொரு தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர், திரித்துவக் கல்லூரியின் சிரேஷ்ட மாணவத் தலைவராக இருந்தவர்; அரசியலில் முற்றிலும் எதிர்த் திசையில் போய், இலங்கை அரசின் வெளிவிவகார அமைச்சரானார். ஆகவே இந்தப் பாடசாலைகள் ஒரே அச்சில் ஆள் வார்க்கின்றன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போர்க் காலத்தையும் தாண்டிப் பேச முடியாது. 1985 ஜூன் 26 அன்று பரி. யோவான் அதிபர் சி.ஈ. ஆனந்தராஜா சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரும் அந்தப் பாடசாலை நடந்தது. குண்டுச் சத்தத்துக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில், சம்பளம் நேரத்துக்கு வராத மாதங்களிலும் வடக்கில் எல்லாச் சமயப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் வகுப்புக்குப் போனார்கள். விழுமியம் என்ற சொல்லை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய முகங்கள்தான் வருகின்றன.

இனி எனக்குச் சந்தேகமாக உள்ளவை. ஆண்பிள்ளைகள் தனியாகப் படித்தால் பெறுபேறு கூடும் என்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. தெரிந்தெடுத்துச் சேர்க்கிற பாடசாலையில் பெறுபேறு கூடத்தான் செய்யும். அதற்கும் பெண்பிள்ளைகள் இல்லாததற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெண்களைச் சமமானவர்களாக நினைத்துச் சாதாரணமாகப் பேசுகிற பழக்கம் இந்தப் பையன்களுக்குத் தாமதமாகத்தான் வருகிறது என்பதைப் பல பேரில் கண்டிருக்கிறேன். வீட்டில் அக்காவோ தங்கையோ இருந்தால், லீவு நாட்களில் சமையலறை வேலையையும் வீட்டு வேலையையும் இருவருக்கும் ஒரே மாதிரிப் பிரித்துக் கொடுங்கள். அடுத்தது, பாடசாலையில் பழகிய குணம் நாற்பது வயதில் நிலைக்குமா என்பது. பழைய மாணவரின் சாட்சியம் இதற்குப் போதாது. வாழ்க்கையில் முன்னேறியவர்கள்தான் அதிகமாகப் பேசுகிறார்கள். உங்கள் நண்பர் நல்ல மனிதர் என்றால், அதில் எவ்வளவு பாடசாலை, எவ்வளவு அவருடைய தாய் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். பதினொரு வயது விடுதிக்குக் கொஞ்சம் முந்திய வயது என்பது என் கருத்து. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய நல்ல பாடசாலை ஒன்று கிட்ட இருந்தால் அதற்கே முதலிடம் கொடுப்பேன். அப்படி இல்லை என்றால், விழாவோ பரிசளிப்போ இல்லாத ஒரு சாதாரண நாளில் அங்கே போங்கள். சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுங்கள். படுக்கை மண்டபத்தையும் குளிக்கும் இடத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். இரவில் அங்கே எந்தப் பெரியவர் இருக்கிறார், அவர் எத்தனை மணிக்குச் சுற்றி வருகிறார் என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் மூத்த மாணவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தி விலகுகிறார்களா, அவனிடம் ஓடிப்போய் எதையாவது காட்டுகிறார்களா என்று கவனியுங்கள். முறைப்பாடு ஒன்று வந்தால் அது எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது, யார் விசாரிக்கிறார்கள் என்று அதிபரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல அதிபர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சைவநெறி கற்பிப்பது யார், நவராத்திரியில் வாணி விழா நடக்கிறதா, வெள்ளிக்கிழமை விடுதியில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அவர் கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும்.

மகனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். திரும்பி வரும் வழியிலேயே அபிப்பிராயம் கேட்காமல், இரண்டு மூன்று நாள் கழித்துக் கேளுங்கள். அவனுக்கு மனமில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். இடம் இருக்கும்போது இடைத் தரங்களிலும் பல பாடசாலைகள் பிள்ளைகளைச் சேர்க்கின்றன, உயர்தரத்துக்கு வெளியிலிருந்து எடுப்பது வழக்கமாகவே நடக்கிறது. சாதாரண தரப் பெறுபேற்றோடு பதினாறு வயதில் விடுதிக்கு வந்து, இரண்டே வருடத்தில் அந்தப் பாடசாலையில் ஆழமாக ஊன்றிவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் எனக்குத் தெரியும்.